ஒரு நொடி முந்திய குரல்

தடாலென்று திரையில் கோட்டைக் கதவு விழ, ஹமார் ஊர்த் தியேட்டரே குலுங்கிச் சிரித்தது.

ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறன்று இங்கே இந்த அசட்டு இளவரசன் படம்தான். அதில் வரும் பூதத்தின் வசனத்தை ஊரே அதோடு சேர்ந்து கத்தும். தூரிட்டின் கணவர் ஓட்டார் மட்டும் வருஷா வருஷம் ஒரு நொடி முந்திக் கத்தித் திட்டு வாங்குவார். அவர் இறந்தபின் தூரிட் படத்துக்கு வருவது இதுவே முதல் தடவை. அவர் குரல் இல்லாத அந்த ஒரு நொடி மௌனத்தை எப்படித் தாங்குவது என்றுதான் அவளுக்குப் பயம்.

பூதம் வாயைத் திறக்கும் முன்பே, "எவன்டா என் செருப்பை மாட்டிட்டுப் போனது?" என்று கரகரத்த குரல் எழுந்தது. சிரிப்பெல்லாம் அடங்கிப்போனது.

தூரிட் பக்கத்திலிருந்த தோழி ரான்டியின் கையைப் பிடித்தாள். "அவர் குரல்டி. கேட்டியா?"

ரான்டி அவளையே பார்த்தாள்.

"கத்துனது நீதான்டி."