சாவு வீட்டில் டிரம்பெட்

செல்லபாய் உள்ளறையில் அப்பாவின் தாடையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது பின்வாசல் வழியாகத் தம்பி ஜெயதாஸ் நுழைந்தான். எல்லையோர ஊரான கொல்லயிலைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு ஊர்வலம் போனவன். கலவரமான நாளிலிருந்து மலையாளப் போலீஸ் தேடுகிறது.

"எப்ப அக்கா?"

"வெளுக்கும்போ. சத்தம் போடாத மக்கா, ரோட்டுல போலீசு நிக்குது."

கதவைச் சாத்திவிட்டு முன்னறைக்கு வந்தாள். உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தாள்.

அப்பா ஞானையன் கொழும்பில் ஓட்டல் பாண்டில் டிரம்பெட் ஊதியவர். ஊருக்கு வரும்போதெல்லாம் ஓர் இங்கிலீஷ் ரெக்கார்டு கொண்டுவருவார். ஒவ்வொரு தடவையும் பாட்டு வேறு மாதிரி இருக்கும். அவள் சிறுமியாக இருந்தபோது வயலின் இழையும் மெதுவான நடனப் பாட்டு. பிறகு டிரம்பெட்டும் டிரம்மும் ஒன்றையொன்று துரத்தும் பாட்டு. யுத்தம் முடிந்து வந்ததில் ஒருவன் தனியாக முணுமுணுத்தான்.

"மைக்கு வந்தாச்சுல்லா. பாடுறவன் இனி கத்தாண்டாம், காதுக்குள்ள பேசினா போதும்" என்பார் அப்பா.

"நாங்க தமிழுக்கு அடி வாங்குதோம், நீரு வெள்ளக்காரன் பாட்டு கேட்டுட்டு இருக்கீரு!" அப்படிக் கத்திவிட்டுப் போன ஜெயதாஸ் இப்போதுதான் வந்திருக்கிறான்.

முற்றத்தில் பூட்ஸ் சத்தம். ஏட்டும் ஒரு போலீஸ்காரனும்.

"ஜெயதாஸ் வந்நோ?"

"இல்ல சார்."

உள்ளே ஒரு விம்மல் கிளம்பியது. செல்லபாய் கிராமபோனுக்குப் பாய்ந்து சாவியை முறுக்கி, வேகமான ரெக்கார்டின்மேல் முள்ளை வைத்தாள். டிரம்பெட் வெடித்தது.

ஜெபிக்க வந்து முன்னறையில் உட்கார்ந்திருந்த சபை உபதேசியார் சுந்தரதாஸ் துள்ளி எழுந்தார். "என்ன பிள்ளே இது? சவம் கெடக்குத வீடாக்கும்!"

"அப்பா சொன்னதாக்கும். எடுக்கதுக்கு முன்ன இது கேக்கணும்னு." அப்பா அப்படி எதுவும் சொல்லவில்லை.

பாட்டு முடியும்முன் முள்ளைத் தூக்கி மறுபடி முதலில் வைத்தாள். முள் இழுத்து, ரெக்கார்டில் கீறல் விழுந்தது.

"அகத்து கேறி நோக்கணோ சாறே?" என்றான் போலீஸ்காரன், உள்ளறையைக் காட்டி.

ஏட்டு சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். அவளையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார்.

"வேண்டா. மரிச்ச வீடல்லே?"

அவர்கள் வேலிப்படலைக் கடந்தபிறகுதான் அவள் உள்ளே போனாள். ஜெயதாஸ் இல்லை; பின்வாசல் திறந்து கிடந்தது. அப்பாவின் நெற்றியில் செம்மண் விரல்தடங்கள் பதிந்திருந்தன. துடைக்க முந்தானையை எடுத்தவள், அதைத் திரும்பவும் தோளில் போட்டுக்கொண்டு, சவப்பெட்டியைக் கொண்டுவரச் சொல்ல வெளியே வந்தாள்.