எட்டு மணிக்கு மேற்குக்கு

ஹாலிவுட் வானொலி நிலையத்தில், குதிரையும் துப்பாக்கியுமாக ஓடும் அந்த நாடகத்தை வியாழக்கிழமைதோறும் இரண்டு தடவை நடிப்பார்கள். ஐந்து மணிக்குக் கிழக்கு மாநிலங்களுக்கு, அங்கே அப்போது இரவு எட்டு; எட்டு மணிக்கு மேற்குக்கு. இரண்டுமே நேரடி ஒலிபரப்பு.

அன்றைய கதையை எழுதியவர் ஐரீனின் கணவர் கிளைட். எழுதி முடித்த ஒன்பதாம் நாள் நெஞ்சுவலியில் போய்விட்டார். நாடகத்தில் வாராவாரம் வரும் விதவை வேடம் ஐரீனுடையது; இந்தக் கதையில் ரயில் கம்பெனி ஆள் மிரட்டியும் அந்த விதவை நிலத்தை விற்க மறுப்பாள். எட்டு மணிக்கு நெவாடாவில் கிளைட்டின் அண்ணன் தம்பிகள் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அவர் கடைசியாக எழுதியது இதுதான் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஐந்து மணி நாடகம் நன்றாகவே போனது. ஆறரைக்கு, நாடகச் செலவை ஏற்றிருந்த காபிக் கம்பெனியின் ஆள் பெண்டில்டன் புதிய தாள்களோடு வந்தான். நியூயார்க்கில் கேட்ட முதலாளிக்கு முடிவு பிடிக்கவில்லையாம். ரயில் கம்பெனிக்காரர்கள் அவருடைய சிநேகிதர்களாம். விதவை அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டு, ரயிலேறிப் போய்விட வேண்டுமாம்.

எழுதியவரைக் கேட்காமலா என்றாள் ஐரீன். கேட்க ஆள் இல்லாதது வசதிதான் என்பதுபோல் அவன் புன்னகைத்தான்.

ஓசைகளை எழுப்பும் ஓட்டிஸ் தாளைப் புரட்டினார். "இதக் கேட்டா என் குதிரயே அழுதுரும்மா," என்று, குளம்போசைக்காகத் தட்டும் தன் தேங்காய்ச் சிரட்டைகளைக் காட்டினார்.

படித்து முடித்த தாளைச் சரசரப்பில்லாமல் கம்பளத்தில் நழுவவிடுவது நடிகர்களின் வழக்கம். எட்டு மணி நாடகத்தில் கடைசிக் காட்சி வந்ததும் ஐரீன் புதிய தாளைப் படிக்காமலே நழுவவிட்டாள். எதிரே ரயில் கம்பெனி ஆளாக நடித்த ஹொரேஸ், "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா," என்றார்.

"போட மாட்டேன். என் புருஷன இந்த மண்ணுலதான் புதைச்சிருக்கேன். நான் எங்கயும் போறதா இல்ல. நீ குதிரைல ஏறு."

இயக்குநர் அறையின் கண்ணாடிக்கு அப்பால் பெண்டில்டன் கழுத்தை அறுப்பதுபோல் விரலை இழுத்தான். இயக்குநரின் கை விசைமேல் போய் நின்றது. அழுத்தினால் மேற்கு முழுவதும் பெட்டிகள் ஊமையாகிவிடும். பெண்டில்டனைவிட அந்த நிசப்தத்துக்குத்தான் அவர் அதிகம் பயந்தார். கையை எடுத்துக்கொண்டார்.

ஹொரேஸ் தன் தாளிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு ஐந்து மணிக்குச் சொன்ன வசனம் நினைவுக்கு வந்துவிட்டது. "பின்னால வருத்தப்படுவ."

"பட்டுக்கிட்டுதான் இருக்கேன். கிளம்பு."

ரயில் ஓசை இசைத்தட்டில் ஊசியை வைத்திருக்க வேண்டிய ஓட்டிஸ், சிரட்டைகளைக் கையில் எடுத்தார். தோற்றுப்போன நடையில் ஒரு குதிரை மெல்ல மெல்லத் தொலைவுக்குப் போனது.

ஒலிபரப்பு விளக்கு அணைந்ததும் பெண்டில்டன் முகம் வெளுத்து உள்ளே வந்தான். அடுத்த வாரத்திலிருந்து அவள் வர வேண்டாம் என்றான். அந்த விதவை காய்ச்சலில் செத்துப்போனதாக ஒரு வரி சேர்த்துவிடப் போகிறார்களாம்.

ஐரீன் கையுறைகளை மாட்டிக்கொண்டாள்.

"தாராளமா சேத்துக்கோங்க. செத்தாலும் அவ அந்த நிலத்துலதான் செத்தா. கிழக்கயும் கேட்டாச்சு, மேற்கயும் கேட்டாச்சு."