முந்தைய குப்பியின் ஹெக்சேன்

அந்த எரிவாயுக் கிடங்கின் ஆய்வகத்தில் இருந்த வேதியியலாளரை எல்லாரும் 'சாமியார்' என்றுதான் கூப்பிட்டார்கள். தினமும் காலையில் கேஸ் குரோமடோகிராஃபை இயக்குவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார். "இந்த இயந்திரம் இன்று பிழை செய்யாமல் இருக்கட்டும்" என்பதுதான் பிரார்த்தனை. இருபத்திரண்டு வருஷமாக அது பிழை எதுவும் செய்யவில்லை. பிரார்த்தனையில் தன் பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றியதே இல்லை.

இயந்திரத்தின் வேலை எளியது: வாயுவில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டுவது. லாரியில் வரும் வாயுவை ஒரு சின்ன இரும்புக் குப்பியில் பிடித்து வருவார்கள். அதில் துளியூண்டு இயந்திரத்துக்குள் போகும். ஹீலியம் அதைச் சுருண்டு கிடக்கும் நீளமான குழாய் வழியே தள்ளிக்கொண்டு போகும். லேசானவை முந்தி ஓடிவரும், கனமானவை அசைந்து அசைந்து வரும். மீத்தேன், ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன், பென்டேன், கடைசியில் ஹெக்சேன். ஒவ்வொன்றும் வெளியே வரும்போது திரையில் ஒரு முகடு எழும். சீக்கிரம் வருவது ஊசி மாதிரி இருக்கும். தாமதமாக வருவது தொப்பை போட்டிருக்கும். எந்த நேரத்தில் வருகிறது என்பதை வைத்துத்தான் இயந்திரம் அதற்குப் பெயர் சூட்டும். எல்லாம் இறங்கி முடிய இருபத்தைந்து நிமிடம். அதற்கு முன் அடுத்த குப்பியை ஏற்றக் கூடாது என்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எழுதி ஒட்டியவர் சாமியாரேதான். 'கூடாது' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு.

அன்றைக்கு அவருக்கு அவசரம். மாலை பிரார்த்தனைக் குழுவில் அவர் பேச வேண்டும். தலைப்பு: பொறுமை. குறிப்பு ஒன்றும் தயாராகவில்லை. முதல் குப்பியில் ஒரு எண்ணெய்க் கிணற்றின் வாயு இருந்தது. புரொப்பேனும் பியூட்டேனும் எவ்வளவு என்று மட்டும்தான் கேட்டிருந்தார்கள். பதினோராவது நிமிடத்தில் இரண்டும் வந்துவிட்டன. மிச்சத்துக்கு எதற்குக் காத்திருப்பது என்று ஓட்டத்தை நிறுத்தி, காலையில் வந்த டேங்கர் லாரியின் குப்பியை ஏற்றிவிட்டு, 'பொறுமை என்பது' என்று எழுத உட்கார்ந்தார்.

முடிவு வந்தது. பென்டேன் நாலரை சதவீதம். இரண்டுக்கு மேல் இருந்தாலே சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

மேனேஜர் டிரைவரை ஆய்வகத்துக்கே வரவழைத்தார். நாற்பது வயது மதிக்கத்தக்க மனிதர், கையெல்லாம் கிரீஸ்.

"வழியில ரெண்டு மணி நேரம் எங்க நின்னீங்க?" என்றார் மேனேஜர்.

"டயர் வெடிச்சிருச்சு சார். தனி ஆளா மாத்தினேன். கையைப் பாருங்க."

"கிரீஸ் யார் வேணா பூசிக்கலாம். வழியில எதையோ கலந்திருக்கீங்க. இனிமே இந்த கேட்டுக்குள்ள உங்க வண்டியும் வராது, நீங்களும் வர மாட்டீங்க. லெட்டர் அடிக்கச் சொல்றேன்."

டிரைவர் சாமியாரைப் பார்த்தார். "சார், இன்னொரு தடவை போட்டுப் பாத்துடுங்களேன். இந்த லெட்டர் போச்சுன்னா எந்தக் கிடங்குலயும் என்னைச் சேத்துக்க மாட்டாங்க."

சாமியார் இன்னொரு தடவை போட்டுப் பார்த்திருக்கலாம். அதற்குப் பதிலாக எழுந்து போய் டிரைவரின் தோளில் கை வைத்தார். "தம்பி, மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. மனுஷன்தான் தடுமாறுவான். தப்பை ஒத்துக்கிட்டா மனசு லேசாயிரும். ஆண்டவன் எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் இருக்கான்."

இப்படி ஐந்து நிமிடம் போயிற்று. டிரைவர் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, "சரிங்க சார்" என்று வெளியே போனார். சாமியாருக்குத் தன் குரல் இன்று நன்றாக எடுபட்டதாகத் தோன்றியது. மாலைப் பேச்சில் இதையே சேர்த்துக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தார்.

கடிதத்தோடு இணைக்க வரைபடம் வேண்டும் என்று மேனேஜர் ஆள் அனுப்பினார். அச்சிடப் போனபோதுதான் சாமியார் அதை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தார். அதுவரை எண்ணை மட்டும்தான் பார்த்திருந்தார்.

பென்டேன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முகடு கால் நீட்டிப் படுத்துக் கிடந்தது. பென்டேனுக்கு அவ்வளவு தொப்பை கிடையாது. அதன் தோளில் ஊசி மாதிரி இன்னொன்று குட்டியாக நின்றது. உண்மையான பென்டேன் அந்தக் குட்டிதான். அப்படியானால் படுத்துக் கிடப்பது யார்?

முதல் குப்பியின் வரைபடத்தை எடுத்தார். பியூட்டேனோடு நின்றுபோயிருந்தது. கிணற்று வாயுவில் ஹெக்சேன் இல்லாமல் இருக்காதே, அது எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. நிறுத்தியது இவர்தான், அது குழாய்க்குள் தன்பாட்டுக்கு நடந்துகொண்டுதான் இருந்தது. முதல் பஸ்ஸில் ஏறியவன் தாமதமாக இறங்கி, இரண்டாவது பஸ்ஸின் ஆளாகக் கணக்கில் சேர்ந்துவிட்டான்.

சாமியாருக்கு டிரைவரின் தோளில் கை வைத்தது ஞாபகம் வந்தது. 'ஆண்டவன் எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் இருக்கான்.' பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், பதினோராவது நிமிடத்திலிருந்து. சிரித்தும் இருப்பார்.

மேனேஜருக்கு போன் செய்து கடிதத்தை நிறுத்தி வைக்கச் சொன்னார். குழாயில் மிச்சம் எதுவும் தங்காதபடி வெறும் ஹீலியத்தை ஓட விட்டு, லாரியின் குப்பியை மறுபடி ஏற்றினார். இருபத்தைந்து நிமிடமும் நாற்காலியில் உட்காராமல் நின்றார். நின்றால் இயந்திரம் வேகமாக ஓடிவிடாது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் உட்கார வெட்கமாக இருந்தது.

பென்டேன் அரை சதவீதம். சரக்கு சுத்தம்.

மேனேஜர் இரண்டு வரைபடங்களையும் பார்த்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். "விடுங்க சாமியாரே. மெஷின்ல கோளாறுன்னு ஒரு வரி எழுதிடுங்க. யாருக்கும் சங்கடம் இல்ல."

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. சாமியாரின் பேனா 'மெஷின்' என்ற சொல் வரைக்கும் எழுதியும் விட்டது. இருபத்திரண்டு வருஷமாக வாய் திறந்து ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத ஜீவன் அந்த இயந்திரம். அடித்துவிட்டு எழுதினார்: 'என் அவசரத்தால் நேர்ந்த பிழை.' கையெழுத்து வழக்கத்தைவிடக் கோணலாக விழுந்தது.

லாரி வெயிலில் நின்றது. டிரைவர் அதன் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, உங்க சரக்கு சுத்தம். தப்பு என்னோடது. முந்தின குப்பி முடியறதுக்குள்ள உங்களோடத ஏத்திட்டேன். மன்னிச்சிடுங்க."

டிரைவர் எழுந்து நின்றார். "அப்ப ஒத்துக்கிட்டா மனசு லேசாகும்னு சொன்னீங்களே, ஆச்சா சார்?"

"இன்னும் இல்ல தம்பி."

"ஆகாது. எனக்கும் ஆகல. லெட்டர் விஷயத்தை வீட்டுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன். அவளும் மேனேஜர் மாதிரியே கேக்குறா, அந்த ரெண்டு மணி நேரம் எங்க இருந்தீங்கன்னு. பதினஞ்சு வருஷம் கூட இருந்தவ சார்." போனை நீட்டினார். "நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்களே சொல்லுங்க."

சாமியார் மறுக்க வழியில்லாமல் வாங்கிக் காதில் வைத்தார்.

"யாருங்க பேசறது?" என்றது பெண் குரல்.

"நான்தாம்மா அந்த மெஷினைப் பாக்கறவன். உங்க வீட்டுக்காரர் எதையும் கலக்கலம்மா. நான் அவசரப்பட்டு அவர் தலையில பழியைப் போட்டுட்டேன்."

அந்தப் பக்கமிருந்து திட்டு மழையாகக் கொட்டியது.

"ஏங்க, நீங்கள்லாம் படிச்சவங்கதானே? ஒரு மெஷினைப் பொறுமையாப் பாக்கத் தெரியாதா? உங்க பேச்சைக் கேட்டு நானும் அவரை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்! மூணு மணி நேரமா இங்க அடுப்புகூடப் பத்தவைக்கல!"

"ஆமாம்மா. ஆமாம்மா." டிரைவர் டயரைப் பார்ப்பதுபோலத் திரும்பி நின்றுகொண்டார், சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது.

திட்டு ஓய்ந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. குரல் இறங்கியது. "அண்ணே, அவர் சாப்பிட்டாரான்னு கேட்டுச் சொல்லுங்க. என்கிட்ட உண்மையைச் சொல்ல மாட்டார்."

சாமியார் திரும்பிக் கேட்டார். டிரைவர் உதட்டில் விரலை வைத்து, 'சாப்பிட்டாச்சுன்னு சொல்லுங்க' என்று கையைக் காட்டினார். கன்னம் ஒட்டிக் கிடந்தது. மணி மூன்று.

காலையிலிருந்து சொன்ன பொய்யே போதும் என்று சாமியாருக்குத் தோன்றியது. உண்மையைச் சொன்னால் அந்த அம்மாள் மறுபடி அழுவாள். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் தடுமாறினார்.

"இதோ சாப்பிடத்தாம்மா போறோம்" என்று சொல்லி, டிரைவரின் கிரீஸ் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேன்டீனை நோக்கி நடந்தார்.