முகம் கடைசியில்

“முகத்த விடுங்க. கால்லேர்ந்து ஆரம்பிக்கணும்” என்றாள் மனைவி, தலையணையிலிருந்து தலையைத் தூக்காமலே.

சலூன்காரர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். புளித்தண்ணீரில் நனைத்த துணி விரலில் சுற்றியிருந்தது. கட்டிலை ஒட்டித் தரையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பேசினை வைத்து, அதற்குள் பித்தளை நடராஜரை நிறுத்தியிருந்தார். வாழ்நாளெல்லாம் முகங்களிலேயே புழங்கிய கை அது. எதிரே ஒருவரை உட்கார வைத்தால் மோவாய்க்கட்டைக்கு அடியில் கட்டைவிரல் தானாகப் போய் நின்றுவிடும். சாமி என்றும் பார்க்கவில்லை.

“எனக்கு முகத்துலதான் கை போகுது.”

“போகும், போகும். அவரென்ன உங்க கடைக்கு ஷேவிங்குக்கா வந்திருக்காரு?”

சிரிக்கப் பார்த்தாள், இருமலாக வந்தது. வாசற்படியில் நின்றிருந்த மகள் ஓடிவந்து தலையைத் தாங்கிப் பிடித்தாள். இருமல் அடங்கியதும், “பேசாம படும்மா. சாமிய நாளைக்குத் துலக்கிக்கலாம்” என்றாள்.

“நாளைக்கா?” என்று கேட்டுவிட்டு அவள் மகளைப் பார்த்தாள். மகள் போர்வையைச் சரிசெய்யக் குனிந்துகொண்டாள்.

காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மகளை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போனார். உள்ளே திரும்பி வந்த மகளின் முகத்தைப் பார்த்த பிறகு சலூன்காரருக்கு எதையும் கேட்கத் தோன்றவில்லை. அப்போதுதான் மனைவி கண் விழித்து, எதிர் அலமாரியையே வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, “என்னங்க, கறுத்தே போயிட்டாரு பாருங்க” என்றாள். அவள் படுக்கையில் விழுந்ததிலிருந்து அந்தச் சிலையை யாரும் தொடவில்லை. மகள் எடுக்கப் போனபோது தடுத்துவிட்டாள். “நீ வேணாம். உங்கப்பா பண்ணட்டும். எட்ட நின்னு ஒரு கும்பிடு போட்டுட்டே காலத்த ஓட்டிட்டாரு.”

அவள் துலக்குவதற்கு ஒரு முறை உண்டு. பீடத்தில் தொடங்கி மேலே ஏறுவாள். முகத்தைக் கடைசியில்தான் தொடுவாள். முகம் துலங்கியபின் நல்ல தண்ணீர் ஊற்றி, ஈரம் போகத் துடைத்து, அதன் இடத்தில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் சாவியைக் கொடுப்பதுபோல ஒன்று சொல்வாள்: “என் வேலை முடிஞ்சுது. இனி உன் பாடு.” மகளைப் பிரசவத்துக்கு உள்ளே அழைத்துப் போன அன்றும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, துலக்கி, அதைத்தான் சொன்னாள். அதற்குப்பின் அந்தக் கவலையை அவள் வாயால் யாரும் கேட்டதில்லை. பேப்பர் படித்துக்கொண்டே அவர் எத்தனையோ முறை காதில் வாங்கிய பேச்சு.

பீடத்தைத் தேய்த்தார். கருமை கரைந்து பழுப்பாக வழிந்தது. அடியில் ஒரு மஞ்சள் கீற்று தெரிந்தது. ஜன்னல் வெயில் அதில் பட்டதும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இவ்வளவு நாளும் இது உள்ளேயேதான் இருந்திருக்கிறது.

“கீழ கெடக்கானே, இவன் யாரு?”

“முயலகன். நம்ம அறியாமை.”

குப்புறப் படுத்துத் தலையை நிமிர்த்தியிருந்த அந்தக் குள்ளனை டூத்பிரஷால் தேய்த்தார். “மிதிபடறவன் மாதிரியே தெரியலையே. கோயில் மண்டபத்துல படுத்து ஊர்க்கதை கேக்கறவன் மாதிரி இருக்கான்.”

“அவனக் கொல்லல பாருங்க. மிதிச்சுத்தான் வெச்சிருக்காரு. நாமல்லாம் இல்லாம போயிட்டா அவரு எதுமேல நின்னு ஆடுவாரு?”

மகளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அம்மாவின் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தத் தூக்கின காலு?”

“போக்கிடம் இல்லாதவங்களுக்கு அதான் இடம். ஒரு கை அதத்தான காட்டுது.”

“நான் டிராபிக் போலீஸ் மாதிரி வழி காட்டறாருன்னுல்ல நெனச்சேன்.”

“வழிதான்” என்றாள் அவள்.

மூச்சு வாங்கியது. பிரஷ் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. சுற்றியிருந்த நெருப்பு வளையத்தின் சுடர்களுக்கு நடுவே பிரஷை நுழைத்து நுழைத்து எடுத்தார். உடுக்கை பிடித்த கை, தீ ஏந்திய கை என்று ஒவ்வொன்றாகத் துலங்கி வந்தன. ஒன்றில் எல்லாம் பிறக்கிறது, மற்றதில் எல்லாம் அடங்குகிறது என்று அவள் விட்டுவிட்டுச் சொன்னாள். இரண்டு கைகளும் ஒரே உயரத்தில் இருப்பதை அவர் அன்றுதான் கவனித்தார். பிறகு, உள்ளங்கையைக் காட்டி நின்ற கைக்கு வந்தார்.

“இது?”

“பயப்படாதேங்குது.”

அந்த உள்ளங்கை அவருடைய சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதில்லை. அதையே தேய்த்துக்கொண்டிருந்தார். அது முன்பே துலங்கியிருந்தது.

“தேஞ்சிடப் போகுது” என்றாள் அவள்.

மார்பு, தோள், இரண்டு பக்கமும் விரிந்து பறக்கும் சடை. “இந்த முடியோட என் கடைக்கு வந்தாருன்னா, அன்னிக்கி வேற யாருக்கும் வெட்ட முடியாது” என்றார். அவள் உதடு மட்டும் விரிந்தது. சடையும் முடிந்தது. உடம்பெல்லாம் பொன்னாக நிற்க, முகம் மட்டும் கறுப்பாக இருந்தது.

அவர் பிரஷை எடுத்து நெருப்பு வளையத்துக்கே திரும்பிப் போனார்.

“அங்க முடிச்சாச்சே” என்றாள்.

“இடுக்குல கொஞ்சம் இருக்கு.”

தேய்த்தார். பீடத்தின் பின்பக்கத்தைத் தேய்த்தார். முயலகனின் முதுகைத் தேய்த்தார். கட்டிலில் மூச்சு ஏறுவது ஒரு சத்தமாகவும் இறங்குவது வேறொரு சத்தமாகவும் மாறியிருந்தது. நடுவில் நீண்ட இடைவெளி விழுந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் அவர் கை நின்று, அடுத்த மூச்சு வந்தபின் ஓடியது.

“மொகம்?”

“கை வலிக்குது. கொஞ்சம் பொறுத்துப் பண்றேன்.”

“நான் பண்ணட்டுமாப்பா?” என்று மகள் எழுந்தாள்.

“தொடாத!”

அவர் அதட்டி மகள் கேட்டதேயில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். அப்பாவின் கையிலிருந்த சிலையையும் அதன் கறுத்த முகத்தையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அம்மா சொல்லும் அந்த வாக்கியம் அவளுக்கும் தெரியும். முகம் துலங்காதவரை அம்மாவின் வேலை முடிந்ததாகாது.

“எவ்ளோ நேரம்ப்பா இப்படியே வெச்சிருப்பீங்க?” என்றாள், மெதுவாக.

அவர் மறுபடி பீடத்தைத் தேய்த்தார்.

மனைவி தூங்கவில்லை. வலியில் விரல்கள் போர்வையைச் சுருட்டின, விட்டன, மறுபடி சுருட்டின. கண் மட்டும் சிலையின் மேலேயே இருந்தது. கெஞ்சவில்லை. தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெந்நீர் காய்வதற்குக் காத்திருப்பவளைப்போலக் காத்திருந்தாள். சலூன்காரர் அந்தக் கண்ணைப் பார்த்தார். எத்தனை பேர் அவர் கத்திக்கு முன்னால் கழுத்தை நீட்டியிருக்கிறார்கள். எந்தப் பெரிய மனுஷனுக்கும் கத்தி தொண்டையில் இறங்கும்போது எச்சில் ஒருமுறை உள்ளே போகும். கண்ணிமை துடிக்கும். இவளுக்கு எதுவும் துடிக்கவில்லை.

துணியின் சுத்தமான மூலையைப் பிரித்துப் புளித்தண்ணீரில் நனைத்தார். இடது கட்டைவிரல் மோவாய்க்கு அடியில் போய் நின்றது. நெற்றி. மூக்கின் இரண்டு பக்கம். மேலுதடு. தழும்புள்ள ஒரு கன்னத்தைத் தொடுவதுபோல அவ்வளவு மெதுவாகத் தொட்டார். கருமை விலகியது.

கால் தூக்கி, சடை பறக்க, சுற்றிலும் தீ எரிய, இடுப்பு ஒடிய ஆடுகிற உடம்பு. ஆனால் முகத்தில் ஆட்டமே இல்லை. வேர்வை இல்லை, அவசரம் இல்லை. யாரோ ஆடிக்கொண்டிருக்க, இது பார்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவு காலம் ஒரே அறையில் இருந்தும் இந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. தன் விரலை அதன் மோவாயிலிருந்து எடுக்க அவருக்குப் பயமாக இருந்தது, எடுத்தார்.

நல்ல தண்ணீர் ஊற்றி, ஈரம் போகத் துடைத்து, அவள் பார்க்கும்படி ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

அவள் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றாள். பிறகு கண்ணைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

சலூன்காரர் எழுந்து நின்றார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். சிலையிடம் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

“அவ வேலை முடிஞ்சுது” என்றார். “இனி... உன் பாடு.”

அவள் கண் மூடியது. கட்டிலில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். மூச்சுகள் ஒன்றையொன்று விட்டு விலகி வந்தன. ஒரு மூச்சுக்குப்பின் அடுத்ததற்காக அப்பாவும் மகளும் காத்திருந்தார்கள். தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துப் போனார்கள். அவர்கள் காத்திருந்தார்கள்.

மகள் அம்மாவின் பாதங்களில் முகம் புதைத்து அழுதாள். சலூன்காரர் அழவில்லை. ஜன்னலில் வெயில் தாழ்ந்து நெருப்பு வளையத்தில் பட்டது. வெயில் சிதறி மஞ்சள் பொட்டுகளாகப் போர்வை மேலும் சுவர் மேலும் விழுந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டுகள் நகர்வதே தெரியாமல் நகர்ந்தன. போர்வையை விட்டுச் சுவரில் ஏறின. சுவரை விட்டுக் கூரைக்குப் போயின.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து சுவிட்சில் கை வைத்தாள்.

“லைட்டப் போடட்டுமாப்பா?”

“கொஞ்சம் இரு” என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி.