டாக்டரம்மாவின் முதல் நோயாளி

கருங்காலிப்பட்டு ஆஸ்பத்திரியை விட்டுப் போகிற நாளை ஆறு வருஷமாக மனத்துக்குள் நடத்திப் பார்த்திருக்கிறேன். மாலை, மேளம் எதையும் எதிர்பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்க ஒருவன், வண்டி கிளம்பும்போது கை கூப்ப நாலு பேர், அவ்வளவுதான். அதற்கு மேல் ஆசைப்படத் தெம்பும் இல்லை.

நான் எல்.எம்.பி. வைத்தியப் படிப்பு படித்தது ஜில்லா போர்டு பணத்தில். நாலு வருஷச் சாப்பாடு, புத்தகம், பரீட்சைக் கட்டணம் எல்லாம் போர்டு கொடுத்தது. பதிலுக்கு, போர்டு காட்டுகிற கிராமத்தில் ஐந்து வருஷம் வைத்தியம் பார்ப்பதாக எழுதிக் கொடுத்தேன். அப்போது எனக்கு இருபது வயது. அந்த வயதில் ஐந்து வருஷம் பெரிய விஷயமாகத் தெரியாது. காகிதத்தின் அடியில் பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: மாற்று டாக்டர் வந்து சார்ஜ் எடுக்கும் வரை ஊரை விட்டு நகரக் கூடாது. ஆறாவது வருஷம் அந்த வரியில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மாற்று டாக்டர் வராமல் இல்லை. போன சித்திரையில் ஒருவர் வந்தார். பன்னிரண்டு நாள் இருந்தார்.

கருங்காலிப்பட்டு ஆம்பூருக்கு மூன்று மைல். பாதி ஊர் வயலில் வேலை செய்கிறது, பாதி ஊர் தோல் பதனிடுகிற ஷாப்பில். இரண்டு பாதிக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை உண்டு. புது டாக்டரின் கை முதலில் யார்மேல் படுகிறதோ, அவன் பிழைத்தால் அது ராசியான கை. செத்தால் அது விளங்காத கை. எனக்கு வாய்த்த முதல் ஆள் மூக்கில் புளியங்கொட்டையைப் போட்டுக்கொண்ட ஒரு குழந்தை. கொட்டையை எடுத்துவிட்டேன், ஊரே என்னைக் கும்பிட்டது. சித்திரையில் வந்தவருக்கு வாய்த்தது பாம்புக்கடி. மேஜையில் படுக்க வைத்த பத்தாவது நிமிஷம் ஆள் போய்விட்டான். உலகத்தில் எந்த டாக்டராலும் அவனைக் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனாலும் மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஈ காக்கை வரவில்லை. தினம் முப்பது பேராவது வராத ஆஸ்பத்திரியை எதற்கு நடத்த வேண்டும் என்று போர்டில் பேச்சு எழுந்தது. அவர் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். என்னை மறுபடி அதே நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

ஆற்காட்டில் தன் அண்ணன் வீட்டிலிருந்த என் மனைவி சம்பூர்ணம் அதைக் கேட்டு எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். "வருகிறேன் என்று இனிமேல் எழுதாதீர்கள். வந்த பிறகு சொல்லுங்கள்." அவ்வளவுதான் கடிதம்.

இந்த முறை வந்தவள் ஆரோக்கியமேரி. வேலூரில் படித்தவள், வயது இருபத்து நாலு, அவளும் போர்டு பணத்தில் படித்து எழுதிக் கொடுத்தவள்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கி, மருந்து அலமாரியைத் திறந்து பார்த்து, "கொய்னா மாத்திரையும் விளக்கெண்ணெயும் தவிர வேற ஒண்ணும் இல்லையா சார்?" என்று கேட்டாள். "டிங்சர் அயோடின் இருக்கு," என்றேன். அவள் சிரிக்கவில்லை. அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

அவள் இங்கே தங்க வேண்டும். என் விடுதலைக்காக மட்டும் சொல்லவில்லை. ஆறு வருஷத்தில் நான் ஒரு பிரசவத்தைக்கூட நேரில் பார்த்தது கிடையாது. கதவுக்கு வெளியே நின்று மருத்துவச்சிக்கு யோசனை சொல்லியிருக்கிறேன். அப்படி வெளியே நின்றபடியே மூன்று பெண்கள் உள்ளே அடங்கிப் போனதைக் கேட்டிருக்கிறேன். ஒரு பெண் டாக்டர் வந்தால் அந்தக் கதவு திறக்கும். ஊருக்கும் அது தெரியும்.

அதனால்தான் ஊரார் இந்தத் தடவை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டார்கள். கிராம முனிசீப் முனிரத்தினம் சனிக்கிழமையே வந்து சொன்னார்.

"இந்த வாட்டி ஏமாற மாட்டோம் டாக்டரே. மொத ஆளு நான்தான். எனக்குத் தலைவலி."

"எப்பத்திலேர்ந்து?"

"வர்ற திங்கக்கெழமை ராகு காலம் முடிஞ்சதிலேர்ந்து."

மனிதருக்கு மாடு மாதிரி உடம்பு. அவர் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துப் பார்த்தேன், கணக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஏழரை மணிக்கு சார்ஜ் ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போட்டேன், அவளும் போட்டாள். 'முற்பகல்' என்று நேரம் குறித்தோம். அந்த நிமிஷத்திலிருந்து நான் யாரோ. வாசலில் மக்பூல் அகமதுவின் மாட்டுவண்டி நின்றது. ஆம்பூரில் பன்னிரண்டரை மணி ரயில். ஆஸ்பத்திரி முன்னால் நூறு பேருக்குக் குறையாமல் கூட்டம். எல்லோருக்கும் முன்னால் முனிரத்தினம், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ராகு காலம் முடிகிற ஒன்பது மணிக்காகக் காத்திருந்தார்.

ஏழே முக்காலுக்கு ஒரு கயிற்றுக்கட்டிலை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கட்டிலில் தோல் ஷாப் வேலு. ஈரத் தோலைத் தோளில் சுமந்து சுண்ணாம்புக் குழிக்குக் கொண்டு போகிற ஆள். பக்கத்தில் அவன் பெண்சாதி தேவகி ஓடி வந்தாள். கூட்டம் வழி விடவில்லை.

"கொஞ்சம் பொறு தேவகி. ஒம்போது அடிச்சதும் மொத ஆளு காட்டிட்டு வரட்டும். அடுத்தது ஒன்னைத்தான் விடுவோம்," என்றார் முனிரத்தினம். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. டாக்டரம்மாவை ஊருக்குக் காப்பாற்றிக் கொடுக்கிறோம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆரோக்கியமேரி ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் குறுக்கே நின்றேன்.

"அவன் முகத்தைப் பாத்தீங்களா? நீங்க தொட்டா, நாளையிலேர்ந்து யாரும் வர மாட்டாங்க. ஒரு மாசத்துலே ஆஸ்பத்திரியை மூடிடுவாங்க."

"அதுக்காக ஒன்பது மணி வரைக்கும் வெயில்ல கெடக்கணுமா?"

"நான் பாக்கிறேன்."

"நீங்க சார்ஜ் கொடுத்துட்டீங்க சார்."

மேஜை மேல் இருந்த ரிப்போர்ட்டை இழுத்து, 'முற்பகல்' என்பதை அடித்து 'பிற்பகல்' என்று எழுதினேன். பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டேன். ஆறு வருஷம் ஏங்கிய விடுதலையை நானே அரை நாள் தள்ளிப் போட்டேன். வாசலுக்குப் போய், "வேலு என் ஆளு. உள்ளே விடுங்க," என்று கத்தினேன். என் ராசிக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தார்களோ என்னவோ, உடனே வழி விட்டார்கள்.

கம்பவுண்டர் அந்தோணி கதவைச் சாத்தினான். உள்ளே நாங்கள் மூன்று பேரும் தேவகியும்தான். வேலுவின் கழுத்தைச் சுற்றியிருந்த துணியை எடுத்தேன். கழுத்தில் கரிக்கட்டை மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. அதைச் சுற்றிக் கொப்புளங்கள். வீக்கம் மார்பு வரை இறங்கியிருந்தது. உதடு நீலமாகிவிட்டது. நோய் கண்டு செத்த ஆட்டின் தோலைத் தோளில் சுமக்கிறவர்களுக்கு வருகிற அடைப்பான் அது, இங்கிலீஷில் ஆந்த்ராக்ஸ். இந்தப் பக்கத்து டாக்டர் யாரும் அதைப் புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

"எப்ப வந்தது இது?" என்று ஆரோக்கியமேரி கேட்டாள்.

தேவகி என்னைப் பார்த்தாள். "புதங்கெழமையே வந்து காட்டினேனே சார். சின்னதா, கொசு கடிச்சாப்ல. வலி இல்ல, அரிப்புதான்னு சொன்னேனே. களிம்பு குடுத்தீங்களே."

கொடுத்தேன். ஷாப்பில் அரை நாள் போகாவிட்டால் முழு நாள் கூலி போய்விடும். ஆகவே ஆம்பிளை வேலைக்குப் போவான், அவன் நோயைப் பெண்சாதி தன் உடம்பில் தொட்டுக் காட்டி மருந்து வாங்கிப் போவாள். இங்கே அதுதான் பழக்கம். திட்டித் திட்டி அலுத்து, கடைசியில் நானும் பழகிவிட்டேன். ஆனால் தோல் சுமக்கிறவனுக்குக் கழுத்தில் வலியில்லாத புண் என்று யார் சொன்னாலும், விசாரிக்காமல் ஷாப்புக்கே நடந்து போய்ப் பார்த்துவிடுவேன். ஒரு மைல்தான். அப்படிப் பார்த்து நாலு பேரை வேலூருக்கு அனுப்பி, நாலு பேரும் பிழைத்திருக்கிறார்கள். புதன்கிழமை மட்டும் போகவில்லை. தேவகி தன் கழுத்தைக் காட்டியபோது நான் பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் காட்டிய இடத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. களிம்பு டப்பாவை எடுத்து நீட்டினேன்.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் செய்ய வேண்டுமே என்று செய்தது. இதயத்துக்குத் தெம்பு கொடுக்கிற ஊசி ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டு, களிம்பு டப்பா இருந்த அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆரோக்கியமேரி ஊசியை என் கையிலிருந்து வாங்கி அவளே போட்டாள். நான் தடுக்கவில்லை. பிறகு நாடியை அவள்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதேகாலுக்கு வேலுவின் கையைக் கட்டிலில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

தேவகி அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வெளியே கூட்டத்துக்குத் தானாகவே தெரிந்துபோயிற்று. யாரோ கதவைத் தட்டினார்கள். ஆரோக்கியமேரி கதவை நோக்கிப் போனாள்.

"நானும் ஊசி போட்டேன்னு சொல்லிடறேன் சார். பொய்யிலே ஆரம்பிக்க எனக்கு இஷ்டமில்லை."

"நீங்க உள்ளே போய்ப் பிரசவம் பாக்கணுமா, வேண்டாமா?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவளை விலக்கிவிட்டு நான் வெளியே போனேன்.

"யாரு கை?" முனிரத்தினம் கேட்டார். செத்தவனைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

"என் கை," என்றேன்.

ஊருக்காகச் சொல்கிற பொய் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். சொல்லி முடித்ததும், ஆறு வருஷத்தில் நான் இந்த வாசலில் சொன்ன வார்த்தைகளில் இதைவிட உண்மையானது இல்லை என்று தெரிந்தது. எனக்குப் பின்னால் தேவகி வந்து நின்றாள்.

"அவரு கைதான். ஊருக்குப் போற அவசரத்துல இருந்தாரு," என்றாள்.

ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வேலுவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நாலு பேரும் கிளம்பினார்கள். அந்தோணி தரையை ஃபினாயில் விட்டுக் கழுவினான். பத்து மணிக்கு முனிரத்தினம் துண்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்ப் புது டாக்டரம்மாவிடம் தலைவலியைக் காட்டினார். அவர் பின்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். இத்தனை பெண்கள் இந்த ஊரில் இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

பெட்டியை நானே தூக்கி வண்டியில் வைத்தேன். வேலுவின் வீடும் ஆம்பூர் ரோட்டில்தான்; போகிற வழியில் அந்தக் கட்டிலைப் பிடித்துவிட்டோம். மக்பூல் மாட்டை இழுத்து நிறுத்தினான். "மய்யத்தைத் தாண்டிப் போவக் கூடாது சார். கொஞ்சம் லேட்டாவும்," என்றான். நான் இறங்கிக் கட்டிலுக்குப் பின்னால் நடந்தேன். கட்டிலைத் தூக்கியவர்களில் ஒருவன் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க ஏறிக்குங்க சார். ரயிலு போய்டும்."

மரியாதையாகத்தான் சொன்னான். எனக்கு அழுகை வந்தது. தேவகி பக்கத்தில் போய், "அன்னிக்கி நான் வந்து பாத்திருக்கணும்," என்றேன்.

அவள் நடையை நிறுத்தவில்லை. "வந்திருந்தா பொழச்சிருப்பாரா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். டாக்டர்கள் எல்லோருக்கும் அந்த வார்த்தை கைவசம் உண்டு. அவளுக்கும் அது ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் காலையில் ஒரு பொய்யைச் சொல்லப் போய் அது உண்மையாகிப்போன களைப்பில் எனக்கு இன்னொன்று சொல்ல முடியவில்லை.

"பொழச்சிருப்பான்," என்றேன்.

அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள். "அந்தம்மாகிட்ட சொல்லிட்டுப் போங்க. கழுத்துல எதுனா வந்தா ஆளு வராது, பொண்டாட்டிதான் வருவா, அவங்கதான் தேடிப் போய்ப் பாக்கணும்னு. ஷாப்புல இன்னும் அம்பது பேரு இருக்காங்க."

சார்ஜ் ரிப்போர்ட்டில் எழுத வேண்டியது அது ஒன்றுதான். அலமாரியில் எத்தனை சீசா, எத்தனை கத்தரிக்கோல் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். இதை எழுதவில்லை.

பெட்டியை ஸ்டேஷனில் இறக்கி வைக்கச் சொல்லி மக்பூலை அனுப்பிவிட்டுத் திரும்பி நடந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இன்னும் நாற்பது பேராவது நின்றார்கள். வழக்கமாக நான் வந்தால் ஒதுங்கி வழி விடுவார்கள். அன்றைக்கு எல்லோரும் என்னைப் பார்க்காததுபோல் இருந்தார்கள். வரிசையின் கடைசியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். அவள் இடுப்பிலிருந்த குழந்தையின் கால் என் சட்டையில் இடித்துக்கொண்டிருந்தது. அவள் சட்டென்று குழந்தையை என் கை எட்டாத மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.