ஊசி போதும், முகமூடி வேண்டாம்

...ஊசியே போடுங்கள் என்று மங்கையர்க்கரசி சொல்லிவிட்டாளே தவிர, அது முதுகுத்தண்டில் இறங்கிய நிமிஷம் உயிரே போய் வந்தது, போகட்டும், வாய் நம் வசத்தில் இருக்கிறதே, அது போதும்... வயிற்றுக் கட்டியோடு இந்தத் தீவில் மாயாபந்தர் ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றே வங்காளி டாக்டர் இந்தியில் விளக்கினார், ஈத்தர் முகமூடி என்றால் தூங்கிப்போவாய், ஒன்றும் தெரியாது, எழுந்ததும் கொஞ்சம் குமட்டும், அவ்வளவுதான். முதுகு ஊசி என்றால் கீழ்ப்பாதி மரத்துப்போகும், ஆனால் விழித்துக்கொண்டே கிடக்கவேண்டும், கட்டி வேறு பெரிது, உனக்கு முகமூடிதான் நல்லது. நல்லதாம்! இந்த வார்டைப் பற்றி அவருக்கென்ன தெரியும்? பகலெல்லாம் இந்தி பேசுகிற ஜனம் ஈத்தர் தெளியும்போது அவரவர் தாய்மொழியில் உளறும், அதைக் கேட்கப் பக்கத்துக் கட்டில்காரிகள் சினிமாக் கொட்டகை மாதிரி கூடிவிடுவார்கள், தெலுங்குக்கு ஒருத்தி, வங்காளத்துக்கு ஒருத்தி என்று அர்த்தம் சொல்ல ஆளுண்டு, தமிழுக்கு ஆயா பொன்னம்மா. இதே வார்டில் சுப்பம்மாள் மயக்கத்தில் கொழுந்தனைத் திட்டித் தீர்த்தது போட் ஏறி ரங்கத் ஊர் வரைக்கும் போய்விட்டதே!

தன் வாயில் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாதா? ருக்குதான் வருவாள். தீவுக்குக் கப்பலேறும் முன், செத்துப்போன முதல் புருஷனின் தாயாரிடம் விட்டுவிட்டு வந்த பெண், இடுப்பை விட்டு இறங்கமாட்டேன் என்று அழுத பெண்... பிள்ளையோடு இருக்கிறவளை யார் கட்டுவான் என்றான் அண்ணன், பிள்ளை குட்டி கிடையாது என்று சிவஞானத்திடம் அவன்தான் சொன்னான், இவள் தலையைக் குனிந்துகொண்டாள். சிவஞானம் என்ன கெட்டவனா? மர மில்லில் நாளெல்லாம் ரம்பத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, ஆறிப்போன சோற்றைப் போட்டாலும் முகம் சுளிக்காதவன். ஊர் இவளை மலடி என்றபோதெல்லாம், "விடு மங்கை, உன் குத்தமா என்ன" என்று தேற்றியவன். அப்படியானால் யார் குற்றம்? அதை அவன் ஒருநாளும் யோசித்ததில்லை, ருக்கு என்ற பேர் வெளியே வந்தால் யோசிப்பான், ஐயோ, இடிந்துபோவான், இருக்கட்டும், மலடிப் பட்டம் என்னோடு போகட்டும், அதென்ன அவ்வளவு கனமா... கனம்தான்.

மறைப்புத் துணிக்கு அந்தப்பக்கம் கத்தரிக்கோல் சத்தம், யாருடைய வயிற்றையோ வெட்டுகிற மாதிரி, பலகைச் சுவருக்கு வெளியே சிவஞானம் இருமுகிறான், பீடியை விடச் சொன்னால் கேட்டால்தானே... இதென்ன, உள்ளே எதையோ பிடித்து இழுக்கிறார்கள், இழுப்பு மட்டும்தானே தெரியவேண்டும், இது வலியாச்சே, வலியேதான், அம்மா! கட்டி குடலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, இன்னும் நேரமாகும் என்கிறார் டாக்டர், "தர்த் ஹை க்யா? மாஸ்க் தே தூங்?" வலிக்கிறதா, முகமூடி போடட்டுமா என்று கேட்கிறார். "நஹி, டீக் ஹை." டீக்காம், பரவாயில்லையாம், பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறாள், மலையாளத்து சிஸ்டர் கையைப் பிடித்துக்கொள்கிறாள், பாவம், நகம் அவள் தோலில் பதிகிறது, அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "எதுக்கு சேச்சி அடக்கிக்கிட்டு இருக்கீங்க, வாய்விட்டு அலறுங்க, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க." யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்... இத்தனை வருஷத்தில் ஒருத்தர் அப்படிச் சொன்னதுண்டா? அலறினாள். "ருக்கூ...!"

"மங்கை! என்னாச்சு மங்கை?" வெளியே சிவஞானம். டாக்டர் இவளைக் கேட்காமலே தலையசைக்க, முகமூடி வருகிறது, தித்திப்பும் நெடியுமாக மூக்கில் ஏறுகிறது, நல்லதாய்ப் போயிற்று, இனி எதைச் சொன்னாலும் மருந்து பேசியது என்று தப்பித்துக்கொள்ளலாம். "ஆரு சேச்சி ருக்கு?" சிஸ்டர் காதோரம் குனிந்து கேட்கிறாள். சாமி பேர் என்று சொல்லேன்டி, வாயை மூடிக்கொண்டு தூங்கேன்டி... முகமூடியைக் கையால் விலக்கினாள், நல்ல நினைவோடுதான் விலக்கினாள். "என் மவ! நான் பெத்த மவ!" காதோரம் குனிந்திருப்பவளுக்குக் கேட்க அவ்வளவு சத்தம் தேவையே இல்லை.