என் சக்களத்திக்கு ஓர் இன்ஜின்

எனக்கு ஒரு சக்களத்தி உண்டு. தையல் கடைக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், நாலு மர முட்டுகளின்மேல் ஒய்யாரமாக உட்கார்ந்திருக்கிறாள். நாலு சக்கரம், இரண்டு இருக்கை. கூரை கிடையாது, கதவு கிடையாது, முக்கியமாக இன்ஜின் கிடையாது. என் கணவர் என் முகத்தைப் பார்க்கிற நேரத்தைவிட அவள் முகத்தைத் துடைக்கிற நேரம்தான் அதிகம்.

அவர் தையல்காரர். கோட்டும் கால்சட்டையும் தைப்பதில் இந்த வட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஐம்பத்து மூன்று வயதில், மற்ற ஆண்களுக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ வருகிற பருவத்தில், இவருக்குக் கார் ஆசை வந்தது. ஓடுகிற காராகப் பார்த்து வாங்கியிருந்தால் நான் ஏன் வாயைத் திறக்கப்போகிறேன்? பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வரும், நாமே பூட்டிக்கொள்ள வேண்டும், அப்படியொரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார். மூன்று வருடத்துக்கு முன்னால் பதினோரு பெட்டிகள் வந்து இறங்கின. எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு, இன்ஜின் எங்கே என்று கேட்டேன்.

"அது இதுல வராது. நாமதான் பார்த்து ஒண்ணு போட்டுக்கணும்" என்றார்.

கல்யாணத் தேதியைக் குறித்துவிட்டு மாப்பிள்ளை தேடுகிற கதைதான். வண்டியைப் பூட்டி முடிக்க இரண்டு வருடம் ஆயிற்று. இன்ஜினைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்து எட்டு மாதம் ஆகிறது, இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறார். வாடிக்கையாளர் ஒரு துணியை நீட்டினால் இரண்டு விரலால் தடவிவிட்டு அரை நிமிடத்தில் நல்லது கெட்டது சொல்லிவிடுகிற மனிதர், இன்ஜின் என்று வந்தால் மதில்மேல் பூனை.

அவருக்கு இதில் கூட்டாளி என் தம்பி. அவன் மெக்கானிக். இவர் எவ்வளவு நிதானமோ அவன் அவ்வளவு எடுத்தேன் கவிழ்த்தேன். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகைக்குள் போனால், கழுத்தில் அளவு நாடாவும் காதில் பென்சிலுமாக இவர் காரின் மூக்குக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார். அவன் ஸ்பேனரை ஆட்டிக்கொண்டு பேசுவான்.

களத்தில் மூன்று பேர் இருந்தார்கள். முதலாவது, ஒரு பெரிய மோட்டார் சைக்கிளின் இன்ஜின். எடை கொஞ்சம், சத்தம் அதிகம், ஆனால் ரிவர்ஸ் கியர் இல்லை. "பின்னாடி போகணும்னா அக்கா இறங்கித் தள்ளுவாங்க மாமா" என்றான் தம்பி. நான் பார்த்த பார்வையில் அந்த இன்ஜின் அன்றைக்கே கழன்றுகொண்டது.

இரண்டாவது, பள்ளிக்கூட ஆசிரியர்கள் ஓட்டுகிற சின்னக் காரின் இன்ஜின். கியர் பாக்ஸோடு நூற்று முப்பது கிலோ. நம்பகமானது, சாது.

"அது இன்ஜினா? தையல் மிஷின் மோட்டார்" என்றான் தம்பி.

"தையல் மிஷின் மோட்டாருக்கு என்னடா குறைச்சல்?" என்று இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆனாலும் அதைப் போடலாம் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை.

மூன்றாவதுதான் எல்லா வம்புக்கும் காரணம். வேகத்தைக் கூட்டுகிற டர்போ வைத்த இரண்டு லிட்டர் இன்ஜின். கியர் பாக்ஸோடு நூற்று எண்பத்தைந்து கிலோ. பழைய இரும்புக் கடையில் தம்பி அதைக் கண்டுபிடித்து, கடைக்காரரிடம் அடுத்த சனிக்கிழமை வரை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று சொல்லி வைத்திருந்தான். அதன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் என் கணவரின் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். கல்யாணமான புதிதில் அந்த வெளிச்சத்தை நான் பார்த்திருக்கிறேன், அதனால் எனக்குத் தெரியும்.

இடைஞ்சல் எடையில் இருந்தது. வண்டி, இன்ஜின், பெட்ரோல், உட்காருகிற ஆட்கள் எல்லாம் சேர்ந்து எழுநூற்று இருபது கிலோவுக்குமேல் போகக் கூடாது என்று கார் கம்பெனி கொடுத்த தாளில் அச்சடித்திருந்தது. பதிவுக்குக் கொண்டுபோனால் ஆட்களையும் உட்கார வைத்தே நிறுத்துப் பார்ப்பார்களாம். ஒரு கிலோ கூடினாலும் திரும்பி வீட்டுக்குத்தான். இதற்காக என் கணவர் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருந்தார். கடையில் வாடிக்கையாளர் அளவு எழுதுகிற அதே நீள நோட்டு, அதே பொடி எழுத்து.

அந்த வாரம் கடையைப் பெருக்கும்போது நோட்டு கண்ணில் பட்டது. நான் வேலை பார்ப்பது பார்சல் அலுவலகத்தில், எடைபோடும் இடத்தில். இருபது வருடமாகத் தராசுதான் எனக்குச் சோறு போடுகிறது. எடைக் கணக்கைக் கண்டால் படிக்காமல் இருக்க முடியாது. புரட்டினேன். பெரிய இன்ஜினுக்குப் பக்கத்தில், தம்பியின் கோழிக் கிறுக்கலில், சிவப்பு மையில் ஒரு டிக். அதன் கீழே: 'இருக்கை ஒன்று போதும்.'

எனக்குச் சுருக்கென்றது. அந்த வண்டியில் எனக்கும் ஓர் இடம் என்று இவர் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஆனால் இன்ஜின் வருவதற்கு முன்பே இரண்டு இருக்கைக்கும் தோல் உறை தைத்துப் போட்டிருந்தாரே. இடது பக்கத்து இருக்கையை நான் தினமும் போகும்போதும் வரும்போதும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஆசைப்படுவது எனக்குக் கைவந்த கலை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கொட்டகைக்குள் இருக்கும்போது நோட்டோடு போய் நின்றேன்.

"அப்போ நான் எங்க உட்காரணும்? கூடவே ஓடி வரணுமா?"

தம்பி தலையைச் சொறிந்தான். "கோவிச்சுக்காதக்கா. கணக்குதான் இடிக்குது. பெரிய இன்ஜினப் போட்டா ஒரு ஆளுக்குத்தான் இடம். நீதான் ஆட்டோல கூட வேகமாப் போனாக் கண்ணை மூடிக்கிற ஆளாச்சே."

என் கணவரோ கல்லுளிமங்கன். காதில் இருந்த பென்சிலை எடுத்து, கூர் பார்த்து, மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டார்.

கோபத்தில் நோட்டை வரி வரியாகப் பார்த்தேன். 'அவள்: 74' என்று இருந்தது.

"எழுபத்து நாலா? யாரு எழுபத்து நாலு?"

போன வருடம் எனக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்தது. உள்ளே போகும்போது எழுபத்து நாலு கிலோ, வெளியே வரும்போது அறுபத்தொன்று. ஒரு வருடமாகத் தலைகீழாக நின்றும் அறுபத்தொன்றைத் தாண்டவில்லை. பார்க்கிறவர்கள், மெலிந்து அழகாகிவிட்டீர்கள் என்பார்கள். பசியே எடுக்காதவளுக்கு அது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது.

"ஒரு வருஷமா என் துணியெல்லாம் தொளதொளன்னு தொங்குது, பிடிச்சுத் தைச்சுக் குடுங்கன்னு கேட்டுக்கேட்டு வாய் வலிச்சுப்போச்சு. தையல்காரன் பொண்டாட்டி ஊக்கு குத்திக்கிட்டு வேலைக்குப் போறா. நான் எவ்வளவு இளைச்சிருக்கேன்னாவது உங்களுக்குத் தெரியுமா? இவளோட ஒவ்வொரு ஆணியும் என்ன எடைன்னு எழுதத் தெரியுது, நான் என்ன எடைன்னு தெரியல."

அவர் குனிந்து சக்கரத்தைத் துடைக்க ஆரம்பித்தார். நான் நோட்டை விடவில்லை. இரண்டு பக்கம் தாண்டியதும் வேறொன்று கண்ணை உறுத்தியது. பேட்டரி இருபது. சக்கரம் ஒன்றுக்குப் பதினைந்து. இவர் எண்பத்து நாலு. நல்ல சாப்பாட்டு நாளில் கல்லைக் கட்டிவிட்டாலும் இவர் எண்பதைத் தொடமாட்டார்.

"இந்த பேட்டரி இருபது கிலோன்னு யார் சொன்னா?"

"அது... பதினஞ்சுதான் இருக்கும்" என்றார் மெதுவாக. "கொஞ்சம் தாராளமா எழுதினேன்."

"சக்கரம்?"

"அதுவும் கொஞ்சம் தாராளம்."

தம்பிக்கு விளங்க அரை நிமிடம் ஆயிற்று. விளங்கியதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "மாமா! காருக்கும் உள்ள துணி மடிச்சு விட்டிருக்கீங்களா? நாளைக்குச் சக்கரம் குண்டாச்சுன்னா பிரிச்சு விடறதுக்கா?"

முப்பது வருடப் பழக்கம். எதை அளந்தாலும் இரண்டு விரல் கூட்டி எழுதுவார், தைக்கும்போது உள்ளே மடித்துவிடுவார். ஆள் நாளைக்குப் பெருத்தால் பிரித்து விடலாம். துணிக்கு அது புத்திசாலித்தனம். இரும்புக்கும் அதையே செய்து, எட்டு மாதமாக இல்லாத எடையை எல்லாம் இருப்பதாக நினைத்து உருகிக்கொண்டிருந்திருக்கிறார். அவனும் அதை நம்பி என் இருக்கையைக் கழற்றப் பார்த்திருக்கிறான். நான் சிரித்தேன். சிரித்தாலும் கோபம் முழுதும் போகவில்லை, ஏனென்றால் அந்த எழுபத்து நாலு தாராளத்தில் வந்தது இல்லை. அது என் பழைய எடை.

"சனிக்கிழமை மதியம் எங்க ஆபீஸுக்குக் கொண்டு வாங்க. நான் போட்டுத் தர்றேன் எடை" என்றேன்.

எங்கள் கிடங்கில் பெரிய மரப்பெட்டிகளை நிறுக்கிற தரைத் தராசு இருக்கிறது. இரண்டு டன்வரை கிலோ பிசகாமல் காட்டும். சனிக்கிழமை சொன்னபடி தம்பி வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தான். கிடங்கு ஆட்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். "மேடம், இதுக்கு எத்தனை ஸ்டாம்பு ஒட்டணும்?" என்று ஒருவர் கேட்டார். இன்ஜின் இல்லாத என் சக்களத்தியை டேங்க் நிறையப் பெட்ரோலோடு தள்ளி மேடையில் ஏற்றினோம். எண்ணை நான்தான் படித்தேன்.

"முந்நூத்து தொண்ணூத்து நாலு."

நோட்டில் நானூற்று முப்பத்திரண்டு. முப்பத்தெட்டு கிலோ வெறும் தாராளம். என் கணவர் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே பழைய எண்ணை அடித்து, புதியதை எழுதினார். அடுத்து அவரே ஏறினார். எழுபத்தாறு. அதையும் மறுபேச்சு இல்லாமல் அடித்துத் திருத்தினார். பிறகு நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். மூச்சைக்கூட இழுத்துப் பிடித்துப் பார்த்தேன், ஏதாவது கூடுமா என்று.

அறுபத்தொன்று.

தம்பி பார்சல் சீட்டின் பின்பக்கத்தில் கூட்டினான். "முந்நூத்து தொண்ணூத்து நாலு, இன்ஜின் நூத்து எண்பத்தஞ்சு, மாமா எழுபத்தாறு, அக்கா அறுபத்தொண்ணு... எழுநூத்துப் பதினாறு! மாமா, நாலு கிலோ மிச்சம்! பெரிய இன்ஜினும் போகும், அக்காவும் போகலாம்!" கூத்தாடிக்கொண்டே இரும்புக் கடைக்குப் போன் போட்டான்.

எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. இடது பக்கத்து இருக்கை எனக்கு. அவருக்கு அந்தக் கண் வெளிச்சம். வேறென்ன வேண்டும்?

"போனை வை" என்றார் என் கணவர்.

அவர் அப்படிப் பட்டென்று பேசி நான் கேட்டதில்லை. தம்பி வைத்துவிட்டான். நோட்டில் என் வரி மட்டும் திருத்தப்படாமல் இருந்தது. 'அவள்: 74.'

"அதை மாத்துங்க மாமா. தராசே சொல்லிருச்சே."

"அது மாத்தறதுக்கில்ல."

"ஐயோ மாமா, எழுபத்து நாலுன்னா எழுநூத்து இருபத்தொம்பது வரும். ஒம்பது கிலோ கூட. அறுபத்தஞ்சு வேணா வெச்சுக்கலாம், சரியா எழுநூத்து இருபது. அதுக்கு மேல..."

"இப்ப அறுபத்தொண்ணுன்னு எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு மாசமும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்." அவர் தம்பியிடம்தான் பேசினார், என் பக்கம் திரும்பவில்லை. "உங்க அக்கா தேறி வருவா. பழையபடி எழுபத்து நாலுக்கு வருவா. அவ துணியை நான் பிடிச்சுத் தைக்காம வெச்சிருக்கிறதும் அதுக்குத்தான். வந்தப்புறம் என்னடா பண்ணுவே? அவளை இறக்கி விடுவியா? ஆளைப் பார்த்துத்தான் துணி வெட்டணும், துணியைப் பார்த்து ஆளை வெட்டக் கூடாது. சின்ன இன்ஜினையே போடு."

எட்டு மாதம் முடிவெடுக்காத மனிதர், அரை நிமிடத்தில் முடித்துவிட்டார்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் தராசின் எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இனி நான் இவ்வளவுதான் என்று எனக்குள்ளே முடிவு கட்டி எத்தனையோ மாதமாகிறது. யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடம்கூடக் கேட்கப் பயந்த கேள்வி ஒன்று இருந்தது. கிடங்கு ஆட்கள் எல்லாரும் இருக்கும்போது, செருப்பில்லாமல் மேடையில் நின்றுகொண்டு, அதை என் கணவரிடம் கேட்டேன்.

"வராட்டா?"

"வரும்" என்றார், நோட்டை மூடிக்கொண்டே. "அளவு விஷயத்துல நான் தப்பினதில்ல."

"தப்பினதே இல்லையாம்! பேட்டரிக்கு அஞ்சு கிலோ கூட எழுதின ஆளு" என்றேன். கிண்டலாகத்தான் ஆரம்பித்தேன், பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, பசிக்கிறது, மூன்று பேருக்கும் சாப்பாடு வாங்கிக்கொண்டு வா என்று தம்பியை அனுப்பினேன். பசி எடுக்கவில்லை. ஆனாலும் அன்று நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.